லாரி வராத ஒரு ரோடு: நம்ம பக்கிங்காம் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்ட முடியுமா?

அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் சைக்கிள் ஓட்டியிருந்தா உங்களுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும். பேப்பர்ல போட்டுப் பார்த்திருக்க மாட்டீங்க, ஆனா தோள்பட்டைக்குத் தெரியும். நம்ம ஊர் இருவழிச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லரின் அகலம் சுமார் 2.5 மீட்டர். மிச்சம் 1 மீட்டர். அதில் சைக்கிள் ஹேண்டில்பார் 60 செ.மீ. எடுத்துக்கொள்ளும். எதிரே வண்டி வந்து டிரெய்லரால் ஒதுங்க முடியாமல் போனால், உங்களுக்கும் 16 சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் மொத்த இடைவெளி 40 செ.மீ. ஒரு பள்ளத்தைத் தவிர்க்க ஹேண்டிலை லேசாகத் திருப்பினால் அதுவும் போச்சு.

ஸ்கூல் படிக்கும்போது டியூஷனுக்கு சைக்கிளில் போன நான், பிளஸ் டூ வந்ததும் வீட்டில் சொன்னதால் ஷேர் ஆட்டோவுக்கு மாறினேன். உங்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான் இருக்கும். சைக்கிள் பிடிக்காமல் நாம விடலை. ரோடு பயமுறுத்துச்சு, விட்டோம்.

ஆனா அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவில் தெற்கு வடக்காக ஒரு கோடு ஓடுகிறது. மேடு பள்ளம் இல்லாத கோடு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெட்டினது. அதுதான் பக்கிங்காம் கால்வாய். உலகத்தில் நிறைய நாடுகளில் இந்த மாதிரி பழைய கால்வாய்களின் கரைதான் இன்னிக்கு கார், லாரி வராத நீண்ட சைக்கிள் பாதையா இருக்கு. அது எப்படி நடந்தது, அதுக்குப் பின்னாடி இருக்கிற இன்ஜினீயரிங் என்ன, நம்ம கரைக்கு அது பொருந்துமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பசுமைப் பாதை என்றால்?

ரோட்டு ஓரத்தில் பெயின்ட் அடித்து சைக்கிள் படம் போடுவது பசுமைப் பாதை இல்லை. மோட்டார் வண்டிகளில் இருந்து முழுசாகப் பிரிந்து, தனி வழியில் போவதுதான் பசுமைப் பாதை. நடப்பவர்கள், சைக்கிள், சக்கர நாற்காலி, தள்ளுவண்டி எல்லாம் போகலாம். கார் போகக் கூடாது.

இதுக்குப் புதுசா நிலம் வாங்கணும்னா எந்த அரசாலும் முடியாது. அதனால் ஏற்கெனவே நீளமாகவும் தொடர்ச்சியாகவும் இருக்கிற இரண்டு விஷயங்களைத்தான் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். ஒன்று, கைவிடப்பட்ட ரயில் பாதை. இன்னொன்று, பழைய கால்வாயின் கரை. அயர்லாந்தில் ராயல் கனால் என்ற பழைய கால்வாயின் கரையில் 130 கி.மீ. நீளப் பாதையை 2021ல் திறந்தார்கள். பிரான்ஸில் 1681ல் முடிந்த கனால் டு மிடி 240 கி.மீ. நீளம். சரக்குப் படகு போய் ரொம்ப நாளாச்சு. இப்போது அதன் கரையில் டென்ட், பை கட்டிக்கிட்டு சைக்கிளில் சுற்றுலா போகிறார்கள்.

கால்வாய்க் கரை ஏன் சமமாக இருக்கிறது?

இன்ஜின் வருவதற்கு முன்னால் படகை எப்படி ஓட்டினார்கள்? ஐரோப்பாவில் கரையில் குதிரையை நடக்கவிட்டு, கயிறு கட்டி இழுத்தார்கள். நம்ம ஊரில் காற்று இருந்தால் பாய் கட்டினார்கள், ஆழம் குறைந்த இடத்தில் கோல் ஊன்றித் தள்ளினார்கள், மத்த நேரம் ஆளே கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். ஆக, கால்வாய் வெட்டும்போதே கூடவே ஒரு நடைபாதையும் தேவைப்பட்டது. இழுப்புப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்க. கயிறு சிக்காமல் இருக்க மரம் கூடாது, படகு நிற்காமல் போக பாதை நடுவில் அறுபடக் கூடாது. பாலம் வந்தால் அதுக்கு அடியிலேயே பாதையும் போகணும். சைக்கிள்காரன் கேட்கிற எல்லாம் அதில் தானாகவே வந்துவிட்டது.

சரிவு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். தண்ணீர் சமமாகத்தான் நிற்கும். கால்வாய் மேட்டில் ஏற வேண்டியிருந்தால் சரிவாக ஏற முடியாது. படிக்கட்டு மாதிரி ஏறணும். அந்தப் படிதான் லாக். இரண்டு கதவு வைத்த தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள், படகும் கூடவே ஏறும், இறங்கும். லிஃப்ட் மாதிரி. இரண்டு லாக்குக்கு நடுவில் கரை கிட்டத்தட்ட முழுச் சமம்.

அமெரிக்காவில் வாஷிங்டனில் இருந்து கம்பர்லேண்ட் வரை போகும் செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாயை எடுத்துக்குவோம். நீளம் சுமார் 297 கி.மீ. 74 லாக். மொத்த ஏற்றம் சுமார் 184 மீட்டர். வகுத்துப் பாருங்க: சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 62 செ.மீ. ஏற்றம். அப்பலாச்சியன் மலைப்பகுதிக்குள் போகும் பாதை அது, ஆனால் மொட்டை மாடி சரிவு கூட இதைவிட அதிகம்!

நம்ம பக்கிங்காம் கால்வாய் கடலை ஒட்டி, உப்பங்கழிகளை இணைத்து ஓடுவது. ஓதம் ஏறி இறங்கும் தண்ணீர். அதனால் ஏற்றம் என்ற பேச்சே இல்லை.

கொஞ்சம் வாட் கணக்கு

சமம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்ம பாஷையிலேயே பார்க்கலாம். நீங்க, சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. வேகம் மணிக்கு 15 கி.மீ., அதாவது விநாடிக்கு 4.17 மீட்டர். சாதாரண சைக்கிள், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுறீங்க. காற்று இல்லை.

நல்ல தார் ரோட்டில் உருளும் உராய்வுக் குணகம் சுமார் 0.01. எடையோடு பெருக்கினால் 9 நியூட்டன். காற்றுத் தடை 6 நியூட்டன். மொத்தம் 15 நியூட்டன், வேகத்தோடு பெருக்கினால் சுமார் 63 வாட். அரட்டை அடித்துக்கொண்டே ஓட்டலாம்.

அதே வேகத்தில் 30க்கு 1 சரிவுள்ள மேம்பாலம் ஏறுங்க. புவியீர்ப்பு மட்டும் இன்னொரு 29 நியூட்டன் சேர்க்கும். இப்போது சுமார் 185 வாட். கிட்டத்தட்ட மூணு மடங்கு. மூச்சு வாங்கும், பேச்சு நின்றுவிடும்.

கால்வாய்க் கரையில் நன்றாக இறுக்கிய செம்மண், கிராவல் என்றால் குணகம் 0.015 என்று வைக்கலாம். 81 வாட். பரவாயில்லை. ஆனால் கரையில் பொலபொலவென்று மணல் கிடந்தால் 0.04க்குப் போகும், 170 வாட்டைத் தாண்டும். அதாவது சமமான கரையிலேயே மேம்பாலம் ஏறுகிற கஷ்டம்! எதிர்க்காற்று மணிக்கு 15 கி.மீ. வீசினாலும் 140 வாட் ஆகும்.

இதில் இருந்து இரண்டு பாடம். ஒன்று, கால்வாய் நமக்கு இலவசமாகக் கொடுப்பது சமதளம்; மேல்பரப்பை நாமதான் கொடுக்கணும். தார் போட வேண்டிய அவசியம் இல்லை, இறுக்கினால் போதும். இரண்டு, நம்ம கடற்கரையில் கடல்காற்று பகலில்தான் எழும்பும். விடியற்காலை கிளம்பினால் வெயில், காற்று இரண்டில் இருந்தும் தப்பிக்கலாம்.

நம்ம கால்வாயின் கதை

1806ல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி சென்னையில் இருந்து எண்ணூர் பக்கம் வெட்ட ஆரம்பித்ததுதான் முதல் துண்டு. அப்போது பேரும் காக்ரேன் கால்வாய்தான். அதாவது, இன்னிக்கு கோடிக்கணக்கில் முதலீடு பேசுற இந்த எண்ணூர் பக்கம்தான் முழுக் கால்வாயின் ஆரம்பப் பகுதி. பிறகு வடக்கே பழவேற்காடு தாண்டி ஆந்திராவுக்கும், தெற்கே மரக்காணம் பக்கமும் நீண்டது. 1837ல் அரசு கையில் எடுத்தது.

பெயர் மாறின கதை கொஞ்சம் கனமானது. 1876-78ல் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. பஞ்ச நிவாரண வேலையாக, பட்டினியில் வந்த ஜனங்களை வைத்து, கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற சுமார் 8 கி.மீ. துண்டை வெட்டினார்கள். கால்வாய்க்கு ஆளுநர் பேர் வந்தது. வெட்டினவங்க பேர் எதுவும் எங்கும் இல்லை.

நூறு வருஷத்துக்கு மேல் இதில் சரக்கு ஓடியது. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில் இருந்து சவுக்கு விறகு, உப்பு, நெல் எல்லாம் படகில் சென்னைக்கு வந்தன. நீங்க ரயிலில் தாண்டிப் போகும் பேசின் பிரிட்ஜ் பேரில் இருக்கிற 'பேசின்' கூட படகுகள் நிற்கிற குளத்தைக் குறிப்பதுதான். பிறகு ரயிலும் லாரியும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1960களிலும் 1976லும் வந்த புயல்கள் கரைகளை உடைத்தன. நகரத்துக்குள் பறக்கும் ரயிலின் தூண்களே கால்வாய்க்குள் இறங்கின. 2008ல் இதைத் தேசிய நீர்வழி 4ன் பகுதியாக அறிவித்தார்கள். நம்ம பக்கம் படகுப் போக்குவரத்து இன்னும் திரும்பவில்லை.

ஆனால் கால்வாய் சும்மா இருக்கவில்லை. 2004 சுனாமியின்போது கடலில் இருந்து வந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு, மேற்கே இருந்த பல ஊர்களுக்கு விழ வேண்டிய அடியைக் குறைத்தது. மழைக்காலத்தில் வெள்ளத்தை இறக்குவதும் இதுதான்.

இப்போது கரையில் என்ன இருக்கிறது?

நேர்மையாகப் பேசுவோம். எண்ணூர் முகத்துவாரத்தில் இருந்து பழவேற்காடு வரை நேர்கோட்டில் சுமார் 20 கி.மீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி தூரம். ஆனால் இன்று அந்தக் கரையில் தொடர்ச்சியாக ஓட்டக்கூடிய பாதை கிடையாது.

கொசஸ்தலை ஆறும் கால்வாயும் முகத்துவாரம் பக்கம் ஒன்று கலக்கின்றன. அங்கே கரை என்று தனியாக ஒன்று இல்லை. அனல்மின் நிலையங்கள், துறைமுகம், அவற்றுக்குப் போகும் குழாய், கன்வேயர், ரயில் பாதை எல்லாம் குறுக்கே போகின்றன. சாம்பல் கொண்டுபோகும் குழாய்களில் கசிவு ஏற்பட்டு நீர்நிலையில் படிந்தது பற்றிப் பல வருஷமாக வழக்குகள் நடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, இதே பக்கிங்காம் கால்வாய் வழியாகத்தான் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுப்பாகக் கிடந்த போட்டோக்களை நீங்க பார்த்திருப்பீங்க. மீதி இடத்தில் சீமைக்கருவேலம். அதன் முள் சைக்கிள் டயரை மட்டும் இல்லை, செருப்பையும் தாண்டி வரும்.

"அப்போ எதுக்கு இந்தப் பேச்சு?"ன்னு கேட்கலாம். காரணம் இருக்கு. கரையில் பாதை இருந்தால்தான் தூர் வாரும் இயந்திரம் உள்ளே போக முடியும். கசிவு எங்கே ஆரம்பித்தது என்று பார்க்க ஆள் போக முடியும். தினமும் நூறு பேர் நடக்கிற கரையில் ராத்திரியோடு ராத்திரி கழிவு கொட்டுவது கஷ்டம். யாரும் போகாத கரையில் எது வேண்டுமானாலும் கொட்டலாம். சைக்கிள் பாதை என்பது பொழுதுபோக்குக்கான பூங்கா வேலை மட்டும் இல்லை. கால்வாயைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கும் வழி அது.

நல்ல பாதைக்கு என்னென்ன வேண்டும்?

சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் ஐடியாவாகவே இதை எடுத்துக்கலாம்.

அகலம்: எதிரெதிரே இரண்டு சைக்கிளும் ஒரு நடப்பவரும் ஒதுங்க 3 மீட்டர் வேண்டும். இதே அகலத்தில் தூர் வாரும் சிறிய இயந்திரமும் போகும்.

மேல்பரப்பு: கல்தூளும் கிராவலும் கலந்து ரோலரால் இறுக்குவது. நடுவில் நின்று மழைநீர் குட்டை ஆகாமல் இருக்க 2 சதவீதம் குறுக்குச் சரிவு. தண்ணீர் ஊறி இறங்கணும்; கான்கிரீட் கொட்டிக் கரையை மூடினால் வெள்ளத்தில் அடியில் அரித்துக்கொண்டு போய்விடும்.

நுழைவு: 1.5 மீட்டர் இடைவெளியில் குட்டைக் கம்பங்கள். சைக்கிள், சக்கர நாற்காலி, மீன் கூடை வண்டி நுழையும். கார், வேன் நுழையாது. நடுக் கம்பம் பூட்டித் திறக்கிற மாதிரி இருந்தால் பராமரிப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் போகலாம். பைக்கை இந்தக் கம்பம் தடுக்காது. அதுக்கு ஆள் நடமாட்டமும் ஊர்க் கட்டுப்பாடும்தான் மருந்து.

குறுக்கே வரும் ரோடு: இதுதான் உயிர் போகிற இடம். ஐந்து கி.மீ. நிம்மதியாக ஓட்டிவிட்டு லாரி ரோட்டில் திடீரென்று போய் நின்றால் பாதை வீண். பாலத்துக்கு அடியில் 2.5 மீட்டர் உயரம் கிடைத்தால் கீழேயே கொண்டுபோகணும். கிடைக்காத இடத்தில் வேகத்தடை, சிக்னல்.

இது எல்லாத்தையும் விட முக்கியமானது ஒன்று. இந்தக் கரை காலியிடம் இல்லை. மீனவர்கள் படகு கட்டுகிறார்கள், வலை காய வைக்கிறார்கள். இருளர் மக்கள் கழிமுகத்தில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். 'அழகுபடுத்தல்' என்று சொல்லி வேலி போட்டு அவங்களை வெளியே நிறுத்தினால், லாரி நம்மை என்ன செய்ததோ அதை நாம அவங்களுக்குச் செய்கிறோம். படகு இறங்கும் இடங்களை முதலில் குறித்துவிட்டு, மிச்சத்தில்தான் பாதை போகணும். அதே மாதிரி, அகலப்படுத்துகிறேன் என்று கழிமுகத்துக்குள் மண் கொட்டவும் கூடாது. அலையாத்தி இருக்கிற இடத்தில் பாதைதான் வளைஞ்சு போகணும்.

ஒரு நடை மாற்றிய கதை

மேலே சொன்ன அமெரிக்கக் கால்வாய் 1924 வெள்ளத்துக்குப் பிறகு கைவிடப்பட்டது. 1950களில் அதன் வழியாகக் கார் ரோடு போடத் திட்டம் போட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. வில்லியம் டக்ளஸ் என்ற உச்ச நீதிமன்ற நீதிபதி, "என்னோடு ஒரு தடவை நடந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள்" என்கிற மாதிரி பதில் கடிதம் போட்டார். 1954 மார்ச்சில் பத்திரிகை ஆசிரியர்களும் மற்றவர்களும் அவரோடு கிளம்பினார்கள். எட்டு நாள். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து ஒன்பது பேர்தான். ஆனால் பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. ரோடு வரவில்லை. 1971ல் அந்த முழுக் கால்வாயும் தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி, நாம செமஸ்டர் அரியர் வைத்திருக்கிற ஆளுங்க. ஒத்துக்கிறேன். ஆனால் அவர் செய்தது சட்டம் போட்டது இல்லை; நடந்து காட்டியது.

நாம என்ன செய்யலாம்?

முதலில் ஒரு தடவை போய்ப் பாருங்க. இப்போதைக்குக் கரையில் இல்லை, ரோட்டில்தான். மீஞ்சூரில் இருந்து காட்டூர் வழியாகப் பழவேற்காடு போகும் ரோட்டில் ஞாயிறு விடியற்காலை கிளம்புங்க. மூணு பேருக்குக் குறையாமல் போங்க. ஏரியும் வயலும் தாண்டினால் பழவேற்காடு. 1613ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் அது. அவங்க கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கு. பாலத்தில் நின்று பாருங்க, நம்ம கால்வாய் ஏரியோடு சேர்வது அந்தப் பக்கம்தான்.

டயர் 35 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். முள்ளுக்காக ஸ்பேர் டியூப் இரண்டு, பம்ப், பஞ்சர் கிட். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி. நிழல் அதிகம் கிடைக்காது. உப்புக்காற்றில் செயின் துருப்பிடிக்கும்; வீட்டுக்கு வந்ததும் துடைத்து எண்ணெய் போடுங்க. மின்சார ரயிலில் முழு சைக்கிளை ஏற்றிவிடலாம் என்று நம்பிப் பிளான் போடாதீங்க.

அடுத்தது அளவெடுப்பு. ஒரு டீம் ஒரு கிலோமீட்டர். ஊர் ஆட்களிடம் கேட்டு, அவங்களில் ஒருவரைக் கூட்டிக்கிட்டு, பகலில் நடங்க. மின் நிலையம், துறைமுகம் எல்லைக்குள் போகாதீங்க. சாம்பல் படிந்த சேற்றில் கால் வைக்காதீங்க, மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இறங்கும். ஐந்து விஷயம் குறித்தால் போதும்: கரையின் அகலம், மேல்பரப்பு, எங்கே அறுபடுகிறது, எங்கே ரோடு குறுக்கிடுகிறது, எங்கே யார் கரையைப் பயன்படுத்துகிறார்கள். போன் ஜிபிஎஸ்ஸில் பதிந்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினால் அது எல்லோருக்கும் தெரியும் வரைபடம். எண்ணூரில் இருந்து பழவேற்காடு வரைக்கும் இருபது முப்பது டீம் இருந்தால் முடிந்துவிடும். நம்ம செகண்ட் இயர் ஒரு செக்‌ஷனுக்கே அத்தனை டீம் வரும்.

20 கி.மீ. பாதை ஒரே நாளில் வராது. ஆனா அத்திப்பட்டுப் பக்கம் இரண்டு கிலோமீட்டர், ஊரில் இருந்து ஸ்கூலுக்கும் ஸ்டேஷனுக்கும் லாரி ரோட்டைத் தொடாமல் போகிற மாதிரி வந்தாலே போதும். அடுத்த பேட்ச்ல ஒரு பொண்ணோ பையனோ பிளஸ் டூ வந்ததும் சைக்கிளை விடாம இருப்பாங்க. அந்த இரண்டு கிலோமீட்டர் எது என்று கேட்டால் கையில் காட்ட ஒரு வரைபடம் வேண்டும். இப்போதைக்கு அது யாரிடமும் இல்லை என்றால், போடுறது நாமளா இருக்கட்டும்.